ஒரே பவானி, பல பங்காளிகள்: கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர என்ன வழி?

கேள்வி: "எனக்குப் பிறந்த வீடு கவுந்தப்பாடி பக்கம். புகுந்த வீடு முத்தூர் பக்கம். இரண்டுமே கீழ்பவானி பாசனம்தான். அண்ணன் கால்வாய்க்குக் கீழே இருக்கும் கிணற்றை நம்பிக் கரும்பும் மஞ்சளும் வைத்திருக்கிறார். கால்வாயில் கான்கிரீட் போட்டால் கிணறு வற்றிவிடும் என்கிறார். எங்களுடையது கடைமடை. போன முறை நாலு ஏக்கர் நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வராமல் பாதிக்குப் பாதி சண்டாகிவிட்டது. கான்கிரீட் போட்டால்தான் நமக்குத் தண்ணீர் வரும் என்கிறார் வீட்டுக்காரர். பொங்கலுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் பேச்சு முற்றி, சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டோம். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?"
- ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. அண்ணனின் கிணற்றில் ஊறுவதும், தங்கையின் காட்டுக்கு வராமல் போவதும் பெரும்பாலும் ஒரே தண்ணீர். அதனால்தான் பேசித் தீரவில்லை. எவ்வளவு தண்ணீர், யார் யாருக்கு, எந்த வழியில் போகிறது என்ற கணக்கை முதலில் பார்த்துவிட்டால், அதன் பிறகு சண்டைக்கு வேலை குறையும். கீழ்பவானி விவசாயிகளுக்கு மட்டுமல்ல, ஆற்றுப் பாசனம் உள்ள எல்லா ஊர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பவானியின் பங்காளிகள் யார் யார்?

பவானி ஆறும் மோயாறும் சேரும் இடத்தில் பவானிசாகர் அணை இருக்கிறது. 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடிந்தது. 105 அடி வரை நீர் தேக்கலாம். நிறைந்தால் 32.8 டி.எம்.சி. இந்த ஒரு அணையை நம்பி இருப்பவர்களை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்.

முதலாவது, பழைய ஆயக்கட்டு. அணை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே பவானி ஆற்றில் பாசனம் நடக்கிறது. கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு 24,504 ஏக்கர். பவானி ஊருக்கு அருகில் பிரியும் காளிங்கராயன் வாய்க்காலுக்கு 15,743 ஏக்கர். இவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அணையிலிருந்து ஆற்றில் விடும் தண்ணீர்தான் இவர்களுக்குப் போகிறது.

இரண்டாவது, புதிய ஆயக்கட்டு. அணையிலிருந்து நேரடியாகப் பிரியும் கீழ்பவானி கால்வாய் ஏறக்குறைய 200 கிலோ மீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. வாசகியின் இரண்டு வீடுகளும் இதில்தான் வருகின்றன.

மூன்றாவது, குடிநீர். அணைக்கு மேலே பில்லூரிலிருந்து கோவை பகுதிக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. அணைக்குக் கீழேயும் ஆற்றோர ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் உள்ளன.

நான்காவது, மின்சாரம். குந்தா, பில்லூர், பைக்காரா மின் நிலையங்கள் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. ஆனால் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்பதை அவற்றின் இயக்கமும் தீர்மானிக்கிறது.

ஐந்தாவது, தொழிற்சாலைகள். இவை எடுக்கும் தண்ணீரைவிட, திருப்பி விடும் கழிவுதான் பெரிய பிரச்சனை. காளிங்கராயன் வாய்க்காலில் ஈரோட்டுப் பகுதி சாயக் கழிவு கலந்த வரலாறு விவசாயிகளுக்குத் தெரியும். பங்கு கிடைத்தும், பயிருக்கு உதவாத தண்ணீராக இருந்தால் அது பங்கு ஆகாது.

ஆறாவது, அத்திக்கடவு-அவினாசி திட்டம். 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, ஆற்றில் மிகுதியாக வரும் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யை எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது இதன் நோக்கம். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுத்தால் இந்த அளவு வரும். மிகுதி நீர் இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இதற்கு மேலே மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடும் உண்டு. பவானி, காவிரியின் கிளை ஆறு. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று முடிவு சொன்னது. கேரளத்தின் 30-ல் 6 டி.எம்.சி. பவானி வடிநிலத்துக்கு உரியது. ஆக, பவானித் தண்ணீர் வானத்திலிருந்து விழும் முன்பே பங்கு பிரித்த சொத்து. புதிதாக ஒருவருக்குக் கொடுப்பது என்றால், இருக்கிற ஒருவர் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்பவானிக் கணக்கு

2,07,000 ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் நெல் நட அணையில் தண்ணீர் போதாது. அதனால் 1960-களில் ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒற்றைப்படை மதகுகள் ஒரு பாதி, இரட்டைப்படை மதகுகள் மறு பாதி. ஒவ்வொன்றும் 1,03,500 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை நன்செய்ப் பாசனம், 24 டி.எம்.சி. மறு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை விட்டு விட்டுப் புன்செய்ப் பாசனம், 12 டி.எம்.சி. அடுத்த ஆண்டு முறை மாறும். இருக்கிறதை வைத்து எல்லோரும் பிழைக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது.

இதை ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவரலாம். விநாடிக்கு 1 கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. ஏறக்குறைய 2 ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். கால்வாயில் 2,300 கன அடி ஓடினால் ஒரு நாளைக்கு 0.2 டி.எம்.சி. 120 நாட்களுக்கு 24 டி.எம்.சி.

24 டி.எம்.சி.யை 1,03,500 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 5.3 அடி. அதாவது 64 அங்குலம். நெல்லுக்கு வயலில் தேவைப்படுவது மழையும் சேர்த்து சுமார் 48 அங்குலம். அந்தப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கும். ஆகவே நன்செய் முறையில் கடைமடை ஓரளவு தப்பித்துக்கொள்கிறது.

புன்செய் முறையில்தான் சிக்கல். 12 டி.எம்.சி.யைப் பிரித்தால் ஏக்கருக்கு 2.7 அடி, அதாவது 32 அங்குலம். நிலக்கடலைக்கு வயலில் 20 முதல் 22 அங்குலம் வேண்டும். மழை கிடையாது. வழியில் மூன்றில் ஒரு பங்கு போனால் 21 அங்குலம் மிஞ்சும், சரியாகப் போதும். பாதி போனால் 16 அங்குலம்தான். காய் பிடிக்கும்போது காடு காயும். இது சராசரிக் கணக்கு. சராசரியில் பாதி போனால், தலைமடையில் ஒன்றும் குறையாது. குறைவு முழுவதும் கடைமடையில் போய் விழும். வாசகியின் நாலு ஏக்கரில் நடந்தது இதுதான்.

கசிவு நீர் வீணா?

கால்வாயைத் திறந்த சில நாட்களில் கீழ்ப்பக்கக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதை அந்தப் பகுதி விவசாயிகள் கண்ணால் பார்க்கிறார்கள். மண் கரையிலும் தரையிலும் கசியும் தண்ணீர் கிணற்றிலும் ஓடையிலும் தேங்குகிறது. ஊர்க் குடிநீர்க் கிணறு, தென்னை, கால்நடை எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. கால்வாய் நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் அது கைகொடுக்கும். ஆகவே கசிவு நீர் முழுவதும் வீண் என்று பொறியியல் கணக்கில் மட்டும் சொல்வது சரியல்ல.

அதே நேரம், அது யாருக்கும் குறைவில்லாமல் கிடைக்கும் தண்ணீர் என்பதும் சரியல்ல. ஆயக்கட்டுப் பதிவேட்டில் அந்த அங்குலங்கள் கடைமடை விவசாயியின் பெயரில்தான் இருக்கின்றன. கிணற்றில் ஊறும் தண்ணீரை மின்மோட்டார் வைத்து எடுத்து ஆண்டு முழுவதும் கரும்பு வைக்கலாம். கடைமடையில் நான்கு மாதக் கடலைக்கே தண்ணீர் எட்டவில்லை. இந்த வேறுபாட்டை மேட்டுப் பக்கத்து விவசாயியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கால்வாயைச் சீரமைக்க 709 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டு, 2023-ல் வேலை தொடங்கியபோது, ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் விவசாயிகள் போராடியதற்குக் காரணம் இதுதான். இரு தரப்பிலும் விவசாயிகள். இரு தரப்பிலும் உண்மையான இழப்பு.

இதில் நடுவழி உண்டா என்றால், உண்டு. ஆனால் அளந்து பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 200 கிலோ மீட்டரும் ஒரே மண் அல்ல. சில இடங்களில் களிமண், சில இடங்களில் சரளை, சில இடங்களில் உடைப்பு எடுக்கும் மேட்டுக் கரை. உடைப்பு அபாயம் உள்ள இடத்தையும், பழுதடைந்த மதகு, பாலம், குமிழிகளையும் சரிசெய்வதை யாரும் எதிர்க்கக் காரணமில்லை. கரை உறுதியாக இருந்து, கீழே கிணறுகள் நிறைய உள்ள இடத்தில் தரையை மூடாமல் விடலாமா என்பது தனிக் கேள்வி. கான்கிரீட் போடும் இடத்திலும், கால்வாய் நின்றதும் வெளியிலிருந்து நிலத்தடி நீர் அழுத்திப் பலகைகளைத் தூக்கிவிடாமல் இருக்கக் கசிவுத் துளைகள் வேண்டும்.

இதற்கான அளவீட்டை விவசாயிகளே தொடங்கலாம். ஒரு மதகைச் சேர்ந்த பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கால்வாய் திறக்கும் முந்தைய நாள், திறந்த 15-ம் நாள், நிறுத்திய 30-ம் நாள் ஆகிய மூன்று முறை கயிறு விட்டு நீர்மட்டம் எழுத வேண்டும். அதே நாட்களில் கால்வாய் அளவுகோலில் உள்ள அளவையும் எழுத வேண்டும். மேட்டுப் பக்கத்தாரும் கடைமடையாரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு ஒன்று இருந்தால், அதை எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாது. இரண்டு பருவம் எழுதினால் கால்வாய்க்கும் கிணறுகளுக்கும் உள்ள தொடர்பு ஓரளவு புரிந்துவிடும்.

குடிநீரைப் பற்றிய பயம்

"நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தே நம்மைக் காயப்போடுகிறார்கள்" என்ற பேச்சு ஊர்களில் உண்டு. இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்றால், 1 டி.எம்.சி. 5.7 லட்சம் பேருக்கு ஓராண்டு வரும். நன்செய் முறைக்குப் போகும் 24 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் குடிநீர் சிறிய அளவுதான். நல்ல ஆண்டில் இதனால் பாசனம் கெடாது.

வறட்சி ஆண்டில் கதை வேறு. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் அணையில் நாலைந்து டி.எம்.சி.தான் இருக்கும். அப்போது குடிநீரே முதல் பங்கு. 2002-ம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கையில் குடிநீர் முதலிடம், பாசனம் இரண்டாமிடம், நீர்மின்சாரம் மூன்றாமிடம், ஆலைகள் அதற்குப் பின்னால் என்று வரிசை எழுதப்பட்டிருந்தது. அந்த வரிசையை மாற்றக் கேட்பதில் பயனில்லை. குடிநீருக்கு எடுத்ததில் பெரும் பகுதி கழிவு நீராகத் திரும்புகிறது. அதைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில்தான் பயன் உண்டு. ஆலைக்கு அந்தத் தண்ணீர் போனால், ஆற்றுத் தண்ணீர் மிஞ்சும்.

மதகுக்குள் செய்யக்கூடியது என்ன?

அரசும் நீதிமன்றமும் முடிவு செய்யும் வரை காத்திராமல், ஒரு மதகைச் சேர்ந்த விவசாயிகள் தங்களுக்குள் செய்யக்கூடியவை சில உண்டு.

1. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு அடி நீளத்தில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் வயல் மட்டத்திலிருந்து அரை அடி (15 செ.மீ.) கீழே இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் காலத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரமும் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். இதனால் ஏக்கருக்கு அரை அடி மிச்சமானால், 1,03,500 ஏக்கருக்கு 2.25 டி.எம்.சி. ஆகிறது. 1,045 குளங்களுக்கு ஒதுக்கிய அளவைவிட இது அதிகம். மிச்சமாகும் தண்ணீரில் ஒரு பகுதி எப்படியும் கிணற்றுக்குப் போயிருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மிச்சம் மிச்சம்தான். வயலில் மிச்சம் பிடித்துவிட்டு மடையை மூடாமல் விட்டால் தண்ணீர் ஓடைக்குத்தான் போகும். மடையை மூடினால்தான் கீழே போகும்.

2. நிலக்கடலையை ஒன்றாக விதைப்பது. பூக்கும்போது, விழுது இறங்கும்போது, காய் பிடிக்கும்போது ஆகிய மூன்று கட்டங்களில் ஈரம் குறைந்தால் மகசூல் விழும். ஒரே மதகில் ஒருவர் ஜனவரியிலும் இன்னொருவர் பிப்ரவரிக் கடைசியிலும் விதைத்தால், எந்தத் தண்ணீரும் எல்லோருக்கும் உதவாது. பதினைந்து நாட்களுக்குள் விதைப்பை முடித்தால், முக்கியக் கட்டத்துக்கு ஒரு சுற்றுத் தண்ணீரை எல்லோரும் சேர்ந்து கேட்க முடியும். தண்ணீர் உறுதியில்லாத கடைக்கோடிக் காட்டில் எள் போடுவது நல்லது.

3. கிணறு உள்ளவர்களுக்குச் சொட்டுநீர். கரும்பு, மஞ்சள், தென்னைக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்ட வாசகியின் அண்ணன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். கிணற்று நீர் பாதியில் முடிந்தால், கால்வாயில் முறைத் தண்ணீர் வரும்போது அவர் மடையைச் சீக்கிரம் மூடிவிடலாம்.

4. பாசன சபை. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-ல் வந்தது. அதன்படி அமைந்த சங்கத்தில் உறுப்பினராக இருந்தும் கூட்டத்துக்குப் போகாதவர்களே அதிகம். முறைப்பட்டியலை எழுதி மதகடியில் ஒட்டுவது, இரவு முறைக்கு ஆள் போடுவது, லஸ்கரிடம் எல்லோருக்கும் சேர்த்து ஒருவரே பேசுவது எல்லாம் சபையின் வேலை. திறந்த நீரின் தினசரி அளவு தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நீர்வளத் துறைக்கு மனுப் போடலாம்.

கடைசியாக, வாசகிக்கு ஒரு வார்த்தை. அண்ணன் கிணறு ஊற வேண்டும் என்பதும் வீட்டுக்காரர் கடலை விளைய வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பகையான ஆசைகள் அல்ல. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது வீட்டுக்காரரை அண்ணன் ஊருக்கு வரச்சொல்லிக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்கட்டும். அண்ணன் முத்தூர் வந்து, கடைசி மடையில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று பார்க்கட்டும். இரண்டு பேரும் பார்த்துவிட்டுப் பேசினால் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.

இன்னொரு கேள்வி

கேள்வி: "எங்கள் மடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?"
- ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: முடியும். வாய்க்காலில் நேராக உள்ள 30 அடி தூரத்தில் இரண்டு முனையிலும் குச்சி நட வேண்டும். அகலம், சராசரி ஆழம் இரண்டையும் அடியில் அளக்க வேண்டும். நடுவில் ஒரு தேங்காய் நெற்று அல்லது எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, 30 அடியைக் கடக்க எத்தனை விநாடி என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 30 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 1 அடி. அகலம் 2 அடி, ஆழம் அரை அடி என்றால் பரப்பு 1 சதுர அடி. பரப்பை வேகத்தால் பெருக்கி, வந்ததை 0.8-ஆல் பெருக்க வேண்டும். மேலே ஓடும் வேகம் அடியில் இருக்காது என்பதற்காக இந்தக் கழிவு. விடை 0.8 கன அடி.

இந்த அளவு 24 மணி நேரம் வந்தால் 69,120 கன அடி. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் நிற்க 3,630 கன அடி வேண்டும். ஆக, 19 ஏக்கருக்கு ஒரு அங்குலம். கடலைக்கு இரண்டு அங்குலம் என்றால் ஒன்பது ஏக்கர் நனையும். முறைக்கு வந்த தண்ணீரில் இத்தனை ஏக்கர் நனையவில்லை என்றால், வாய்க்காலில் எங்கோ ஒழுகுகிறது. முதலில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்து அடைக்க வேண்டும்.